வோக்கர் பிடித்து நடப்பவருக்குக் காலடி எண்ணும் கருவி: கையிலா, இடுப்பிலா, காலிலா?

முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர், பாரிசவாதத்துக்குப் பிறகு மெல்ல எழும்பி நிற்பவர், வயதினால் கால் தளர்ந்தவர் என்று வோக்கரோடு நடப்பவர் யாராவது ஒருவர் இன்று பல வீடுகளில் இருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புவார்கள். கூடுகிறதா, குறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளைகளுக்கு உடனே நினைவுக்கு வருவது கையில் கட்டும் பான்ட் அல்லது ஸ்மார்ட் வாட்ச். மட்டக்களப்பு டவுனில் கடை கடையாகக் கிடைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியும் வைக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். வோக்கர் பிடிப்பவரின் கையில் கட்டினால் அந்தக் கணக்கு பெரும்பாலும் பிழையாகத்தான் வரும். அதே கருவியைக் காலில் கட்டினால் கதை வேறு. எந்தக் கம்பனி, என்ன விலை என்பதை விட உடம்பில் எந்த இடம் என்பதுதான் இங்கே முக்கியம். மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால், அப்புறம் கருவியே இல்லாத வழி என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கையில் கட்டினால் என்ன நடக்கிறது

மணிக்கட்டில் இருக்கும் கருவிக்குக் கால் தெரியாது. அதற்குள் அசைவை உணரும் ஒரு சின்ன மின்னணுப் பாகம் இருக்கிறது. முன்பின், மேல்கீழ், பக்கவாட்டு என்று மூன்று திசையிலும் கை எப்படி அசைகிறது, எங்கே குலுங்குகிறது என்பதை மட்டும் அது பிடிக்கும். மீதியெல்லாம் கணிப்புத்தான். சாதாரணமாக நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வரை வைப்பார். ஒவ்வோர் அடிக்கும் கை வீசும். குதிக்கால் தரையில் படும் அதிர்வு உடம்பு வழியாக மேலே வரும். வீச்சும் அதிர்வும் ஒரே தாளத்தில் சில செக்கன்கள் தொடர்ந்தால், இவர் நடக்கிறார் என்று கருவி முடிவுசெய்து எண்ணும்.

வோக்கர் பிடித்தவரிடம் இந்த அடையாளங்கள் எல்லாமே மங்கிவிடுகின்றன. இரண்டு கையும் பிடியை இறுகப் பற்றியிருப்பதால் வீச்சு இல்லை. பாதம் தூக்கி வைக்கப்படாமல் தேய்ந்து நகர்வதால் அதிர்வும் மெல்லியது. தாளமோ நிமிடத்துக்கு 40, 50 அடிக்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு இடையிடையே நிற்பார்கள். கருவியைப் பொறுத்தவரை, இவர் கையை எங்கேயோ ஊன்றிக்கொண்டு சும்மா நிற்கிறார்.

நிற்பது தனியாக ஒரு கேடு செய்கிறது. சும்மா கையை ஆட்டுவதையெல்லாம் நடையாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, தொடர்ச்சியான அசைவு வந்தால்தான் எண்ணுவது என்று இந்தக் கருவிகளைச் செய்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஓம்ரோன் கம்பனியின் இடுப்பில் மாட்டும் பெடோமீட்டர்கள் (காலடி எண்ணும் கருவிகள்) பலவற்றில் முதல் 4 செக்கன் நடையைக் கணக்கில் காட்டாது. அதற்கு மேலும் நடந்தால்தான் அந்தத் தொடக்க அடிகளையும் சேர்த்துக் காட்டும். காலையில் கடற்கரையில் நடக்கப் போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. வோக்கரோடு வீட்டுக்குள் நடப்பவரை எண்ணிப் பாருங்கள். கட்டிலில் இருந்து எழும்பி நான்கைந்து அடி. நிலைப்படியில் ஒரு நிறுத்தம். வோக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து இன்னும் மூன்று அடி. திரும்புவதற்கு ஒரு நிறுத்தம். குசினிக்குப் போய்ச் சேர்ந்தாலும் தொடர்ச்சியாக நடந்தது என்று ஒரு துண்டு கூட இருக்காது. அவருடைய நாள் முழுவதும் இப்படிச் சின்னச் சின்ன நடைகளால் ஆனது. கருவி தள்ளிவிடுவது சரியாக அவற்றைத்தான்.

எந்த வோக்கர் என்பதும் கணக்கை மாற்றும். சில்லு இல்லாத வோக்கரைத் தூக்கி முன்னே வைத்து, ஒரு கால், மற்றக் கால் என்று வைத்து, மறுபடி தூக்க வேண்டும். அந்தத் தூக்கலைச் சில கருவிகள் ஓர் அடியாக எடுத்துக்கொள்ளும். இரண்டு அடிக்கு ஒன்று என்று கிட்டத்தட்டப் பாதிக் கணக்கு வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். முன்னால் இரண்டு சில்லு உள்ளதில் தூக்கலும் இல்லை, கை நேராக வழுக்கிக்கொண்டு போகும். நான்கு சில்லும் பிரேக்கும் இருக்கையும் உள்ள வகையில் நடை ஓரளவு தொடர்ச்சியாக வரும், ஆனால் கை அசைவே இல்லை. கல் பதித்த முற்றத்தில் அதைத் தள்ளும்போது பிடி வழியாக ஏறும் நடுக்கம் வேறு கருவியைக் குழப்பும்.

இதைவிடக் கூடாத விசயம் ஒன்று இருக்கிறது. நடந்ததை எண்ணாத அதே பான்ட், நடக்காததை எண்ணும். கதிரையில் இருந்து தேங்காய் துருவுகிறார், அரிசி களைகிறார், விசிறியால் விசிறுகிறார், பேரப்பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிறார். எல்லாமே ஒரே தாளத்தில் நடக்கும் கை வேலைகள். பார்க்கின்சன் நோயின் கைநடுக்கமும் சில நேரம் அடியாக ஏறும். மாலையில் பார்த்தால் திரையில் 1,500 என்று நம்பக்கூடிய ஓர் எண் நிற்கும். அதில் எவ்வளவு நடை, எவ்வளவு தேங்காய்ப்பூ என்று யாராலும் பிரிக்க முடியாது. பூச்சியம் காட்டினாலாவது கருவி பிழை என்று தெரிந்துவிடும். இப்படி நம்பக்கூடிய எண் வந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அதை வைத்து முடிவெடுப்போம்.

எங்கள் பெரியம்மாவுக்கு மகன் வெளிநாட்டில் இருந்து ஒரு வாட்ச் அனுப்பியிருந்தார். அவர் தன் போனிலேயே அம்மாவின் நடையைப் பார்க்கலாம். ஒருநாள் இரவு வீடியோ அழைப்பில், "என்னம்மா, இண்டைக்கும் நடக்கல்லயா? நூறு கூடக் காட்டல்லயே" என்றார். பெரியம்மா அன்றைக்குக் காலையும் மாலையும் விறாந்தையில் வேர்த்து விறுவிறுக்க நடந்திருந்தார். "நடந்தன் மகன். என்ட காலுக்குத் தெரியும், இந்தச் சாமானுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தந்தார். குரலில் கோபத்தை விட வருத்தம்தான் கூட. அடுத்த நாள் நடக்கக் கூப்பிட்டதற்கு, நடந்தும் என்ன என்று கட்டிலில் இருந்துவிட்டார். நோயாளி ஒருவர் வலியோடு வைத்த அடிகளை ஓர் எண் இல்லையென்று சொல்வது சின்ன விசயம் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

கைக் கருவியையே வைத்துக்கொண்டு கொஞ்சம் சரிசெய்ய முடியுமா? ஃபிட்பிட் போன்ற கம்பனிகளின் பான்ட்களில் எந்தக் கையில் கட்டுகிறீர்கள் என்று அமைப்பில் கேட்கும். வழக்கமாக வேலை செய்யாத கை என்று கொடுத்தால் கருவியின் உணர்திறன் கூடும். அதனால் சில அடிகள் கூட விழலாம், தேங்காய்ப்பூ அடிகளும் சேர்ந்துதான் விழும். ஒரு கையை எடுத்து வீசி நடந்தால் எண்ணும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணக்குக்காக வோக்கரில் இருந்து கையை எடுக்கவே கூடாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு எண்ணுவதற்கு நடையே இராது.

கையில் கட்டுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஒரு கையில் மட்டும் பொல்லு ஊன்றி நடப்பவர், மற்றக் கையில் பான்ட்டைக் கட்டினால் அந்தக் கை வீசும், கணக்கும் ஓரளவு சரியாக வரும். இதயத்துடிப்புப் பார்க்க வேண்டுமென்றால் மணிக்கட்டுத்தான் இடம். ஆப்பிள் வாட்சில் 2018 இல் வந்த நான்காம் தலைமுறையில் இருந்து, ஆள் விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்தால் அது தானாகவே இயங்கும். அதற்காக வாங்கியிருந்தால் தாராளமாகக் கையிலேயே இருக்கட்டும். அதில் தெரியும் காலடி எண்ணை மட்டும் பார்க்காமல் விடுங்கள். இன்னொன்று: ஆப்பிள் வாட்சில் 2016 இல் இருந்து சக்கர நாற்காலிக்காரருக்குத் தனி முறை உண்டு. அது சில்லைக் கையால் தள்ளும் தள்ளல்களை எண்ணும். வோக்கருக்கு அது உதவாது.

இடுப்பும் சட்டைப்பையும்

கை வீசாவிட்டாலும் இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆகவே இடுப்பில் மாட்டும் கிளிப் கருவி, கையை விட நன்றாக எண்ணும் என்று எதிர்பார்ப்பது சரிதான். ஆனால் மெதுவாக நடக்கும்போது அந்த ஏற்ற இறக்கமும் சுருங்கிவிடும். பழைய காலத்து ஸ்பிரிங் பெடோமீட்டர்கள் மெதுநடையில் நிறைய அடிகளைத் தவறவிடும். தொந்தி இருந்து கருவி சரிந்து நின்றால் இன்னும் மோசம். ஸ்பிரிங் இல்லாத புதிய வகைகள் பரவாயில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிளிப்பை எதில் மாட்டுவது? ஐயாமார் வீட்டில் சாரம்தான். சாரக்கட்டில் மாட்டினால் கட்டு அவிழ்ந்து திரும்பக் கட்டும்போது கருவி எங்கேயாவது விழுந்துவிடும். அம்மாமார் நைட்டியில் இருப்பார்கள், அதற்கு இடுப்பே கிடையாது. பெல்ட் போட்டுக் கால்சட்டை உடுக்கிறவர்களை நினைத்துச் செய்த சாமான் இது.

போன் எப்படி? ஐபோனில் 2013 இல் வந்த 5எஸ் முதலும், அண்ட்ரொயிட்டில் அதே ஆண்டு வந்த 4.4 பதிப்பு முதலும், போனே காலடி எண்ணுவதற்கான ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் போன் என்றால் செலவில்லை. நைட்டிக்குப் பக்கப்பை இருந்தால் அதில் போடலாம். இல்லாவிட்டால் இடுப்போடு இறுக்கிக் கட்டும் ஒரு சின்னத் துணிப்பை தைத்துக்கொள்ளலாம். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கழுத்தில் தொங்கவிட்டால் அது தன்பாட்டில் ஆடும் ஆட்டமும் சேரும். வோக்கரின் கூடைக்குள் போட்டால் போன் அறிவது வோக்கரின் அசைவைத்தான், ஆளின் நடையை அல்ல. கூடையில் போட்ட போனை வைத்து நடையைக் கணக்குப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

நான்கு சில்லு வோக்கரைத் தள்ளிக்கொண்டு காந்திப் பூங்காவின் வாவியோரம் போல மட்டமான பாதையில் நிற்காமல் நடக்கக்கூடியவருக்கு, இடுப்பில் இறுக்கிக் கட்டிய போன் போதும். அவருக்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் கட்டிலுக்கும் கதிரைக்கும் இடையில் நடப்பவருக்கு இது ஏமாற்றும்.

கணுக்கால்

என்னைக் கேட்டால் இடம் இதுதான். எவ்வளவு மெதுவாக நடந்தாலும், எவ்வளவு தேய்த்து நடந்தாலும், அடி வைக்கக் கால் முன்னே போய்த்தான் ஆக வேண்டும். கை வீசுவதும் இடுப்பு ஏறி இறங்குவதும் நடையின் பக்கவிளைவுகள். காலின் அசைவுதான் நடையே. நடையை ஆராயும் விஞ்ஞானிகள் பயன்படுத்தும் ஸ்டெப்வாட்ச் என்ற கருவி கணுக்காலில்தான் கட்டப்படுகிறது. மெதுவாகவும் சீரில்லாமலும் நடப்பவர்களிடம் சரியாக எண்ணுவதற்கு அது பேர்போனது. ஆனால் ஆராய்ச்சிக்கான சாமான் அது, வீட்டுக்கு வாங்குகிற விலையில் இல்லை. சாதாரணக் கருவிக்கும் இது பொருந்துமா என்று 2015 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஒரே ஃபிட்பிட் வகையை முதியவர்களின் இடுப்பிலும் கணுக்காலிலும் மாட்டி மெதுவாக நடக்கவைத்தபோது, கணுக்காலில் இருந்தது தெளிவாகக் கூடிய சரியோடு எண்ணியது.

வாங்குவதானால், பட்டியில் இருந்து கழற்றக்கூடிய சின்னக் கருவியாகப் பாருங்கள். ஷாவோமியின் ஸ்மார்ட் பான்ட் வரிசை இதற்குத் தோதானது; குளிகை மாதிரி இருக்கும் கருவியைப் பட்டியில் இருந்து எடுத்துவிடலாம். அதன் 8 ஆம் மொடலுக்குச் சப்பாத்தில் கொளுவும் கிளிப் ஒன்றும் தனியாக வந்தது. அந்தக் கிளிப் நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெறுங்காலோடு அல்லது ரப்பர் செருப்போடு நடக்கிறவர்கள். கொளுவச் சப்பாத்துக் கயிறு ஏது? அதற்குப் பதில், இரண்டு விரல் அகலத்தில் இலாஸ்டிக் துணி எடுத்து, கருவி நுழையும் அளவுக்கு ஒரு சின்னப் பை தைத்து, முனையில் வெல்க்ரோ வைத்துவிட்டால் போதும். தையல் தெரிந்த யாரும் அரை மணித்தியாலத்தில் செய்து தருவார்கள். பெரிய வட்ட முகம் உள்ள ஸ்மார்ட் வாட்ச் கணுக்காலுக்குச் சரிவராது. பாரம், எலும்பில் இடிக்கும், மற்றக் காலிலும் தட்டும்.

கட்டும்போது சில விசயங்கள். கணுக்கால் எலும்புக்கு சற்று மேலே, வெளிப்பக்கமாகக் கருவி இருக்கட்டும். ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் கழன்று விழுந்து காலில் தடக்கும். பாரிசவாதம் வந்தவருக்கு நல்ல காலில் கட்டுங்கள். இழுத்து நடக்கும் காலை விட அதன் அசைவு தெளிவானது. நீரிழிவு உள்ளவர், கால் வீங்குகிறவர், தோல் மெலிந்தவர் என்றால் நடக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டி, கழற்றியதும் தோலைப் பாருங்கள். எங்கள் வெக்கைக்கும் வேர்வைக்கும் பட்டியின் கீழ் இலேசாகப் புண் வரும். நீரிழிவுக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைவென்றால் அது அவருக்குத் தெரியவும் வராது. புண்ணோ வெட்டோ இருக்கும் காலில் கட்டவே வேண்டாம். ஓட்டோவில் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது கழற்றிவிடுங்கள், குலுக்கலும் கணக்கில் ஏறலாம். இதயத்துடிப்பு எண்ணைக் காலில் நம்ப வேண்டாம், அதை அணைத்துவிட்டால் பற்றரியும் கூடுதல் நாள் நிற்கும்.

காலில் கட்டுவதில் ஒரே ஒரு புதிர் இருக்கிறது. கருவி இருப்பது ஒரு காலில். சில கருவிகள் அந்தக் காலின் அசைவை மட்டும் எண்ணி, இரண்டு அடிக்கு ஒன்று என்று காட்டும். சில, மற்றக் கால் தரையில் படும் அதிர்வையும் பிடித்து முழுக் கணக்கே காட்டும். உங்கள் கருவி எந்த வகை என்பதைப் பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நூறு அடிச் சோதனை

எந்தக் கருவியாக இருந்தாலும், எந்த இடத்தில் கட்டினாலும், இதைச் செய்யாமல் எண்ணை நம்பாதீர்கள். நடக்கிறவர் வழக்கமான வேகத்தில், வழக்கமான தரையில் நடக்கட்டும். ஒருவர் பக்கத்தில், கொஞ்சம் பின்னால், பிடிக்கக்கூடிய தூரத்தில் கூடவே போகவேண்டும். இன்னொருவர் போனில் காலை மட்டும் வீடியோ எடுக்கட்டும். நேரில் எண்ணினால் பேச்சுவாக்கில் பிசகும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணினால் பிசகாது. நூறு அடி ஒரே தடவையில் முடியாதென்றால் இருந்து களை ஆறிச் செய்யலாம். தொடங்கும் முன் திரையில் இருந்த எண், முடித்துச் சில செக்கன் பொறுத்த பிறகு இருக்கும் எண், இரண்டையும் எழுதுங்கள்.

90க்கும் 110க்கும் இடையில் காட்டினால் நல்லது. 50 காட்டினால், காலில் கட்டியிருந்தால் அனேகமாக ஒரு காலை மட்டும் எண்ணுகிறது, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 70 காட்டி, அடுத்த நாளும் 70 பக்கமே காட்டினால் அதையும் வைத்துப் பிழைக்கலாம். ஒருநாள் 30, மறுநாள் 80 என்று அலைந்தால் அந்த இடத்தில் அந்தக் கருவி வேண்டாம். ஒருவரை அவருடைய போன கிழமையோடு ஒப்பிடத்தான் இந்தக் கணக்கு. அதற்கு எண் துல்லியமாக இருப்பதை விட ஒரேமாதிரி இருப்பது அவசியம். நூறு அடி நல்லபடி வந்தால், கட்டிலில் இருந்து குசினிவரை போன்ற ஒரு சின்ன நடையையும் இதேபோல் பாருங்கள். நீண்ட நடையை ஒழுங்காக எண்ணி, சின்ன நடையை விழுங்கும் கருவிகள் இருக்கின்றன.

இதில் எளிதில் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஆள் தேறத் தேற வேகம் கூடும். வேகம் கூடினால் கருவியின் கண்ணுக்கு அடிகள் கூடத் தெரியும். முதல் மாதத்தில் 100 அடிக்கு 50 காட்டிய கருவி, இரண்டாம் மாதத்தில் அதே 100 அடிக்கு 85 காட்டலாம். அவர் ஓர் அடி கூடக் கூட்டவில்லை, ஆனால் நடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டதாக வீடே சந்தோசப்படும். மறுவளமாக, உடம்பு முடியாமல் நடை தளரும்போது உண்மையில் குறைந்ததை விட அதிகமாகக் குறைந்ததாகக் காட்டிப் பயமுறுத்தும். கையிலும் இடுப்பிலும் இந்தச் சிக்கல் பெரிது, காலில் குறைவு.

கருவி காட்டும் கிலோமீற்றரையும் கலோரியையும் பார்க்கவே வேண்டாம். உயரத்தை வைத்து ஓர் அடியின் நீளத்தைக் கணித்து, அதை அடி எண்ணிக்கையால் பெருக்கித்தான் தூரத்தைச் சொல்கிறது. வோக்கரோடு வைக்கும் அடி அதை விட மிகக் குறுகியது. கலோரியும் அப்படித்தான்: சில்லில்லாத வோக்கரை ஒவ்வொரு தடவையும் தூக்கி வைக்கும் உழைப்பு அந்தக் கணக்கில் இல்லை.

கருவி இல்லாமல்

இதைக் கடைசியில் சொல்வதால் குறைவாக எண்ணிவிட வேண்டாம். பல வீடுகளுக்கு இதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விறாந்தையை அளவுநாடாவால் அளந்து, இரண்டு முனையிலும் சோக்கட்டியால் கோடு போடுங்கள். 6 மீற்றர் என்றால் போய்வர 12. ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் முனையில் இருக்கும் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை. நடந்து முடிந்ததும் எண்ணிக் கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் எழுதுங்கள். எத்தனை நிமிடம் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். பத்துத் தடவை, 120 மீற்றர், 8 நிமிடம். இந்தத் தூரம் எந்தக் கருவி சொல்வதையும் விட உண்மை. தான் போட்ட கொட்டையைத் தானே எண்ணுவதில் பெரியவர்களுக்கு ஒரு பிடிப்பும் வருகிறது. குறை என்னவென்றால், நாள் முழுவதும் வீட்டுக்குள் நடக்கும் சின்ன நடைகள் இதில் வராது. எத்தனை தடவை எழும்பி நடந்தார் என்று தனியாக ஒரு கோடு போட்டால் அதுவும் ஓரளவுக்குக் கிடைத்துவிடும்.

எங்கள் கரையோரத்துக்கு விறாந்தைதான் தோது. கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, கல்முனை என்று கரை நெடுகிலும் வளவு மணல்தான். மணலில் சில்லுப் புதையும், வோக்கர் சாயும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முற்றத்தில் இறங்கவும் முடியாது. நடை குறைந்த மாதம் எது என்று பார்க்கும்போது மழையையும் நினைவில் வையுங்கள். உடம்பு தளர்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

வேகம் தெரிய வேண்டுமானால், கதிரையில் இருந்து எழும்பி 3 மீற்றர் நடந்து திரும்பி வந்து இருக்க எத்தனை செக்கன் என்று பார்க்கலாம். வைத்தியர்களே செய்யும் சோதனை இது. 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் ஆபத்து இருப்பதாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டி சொல்கிறது. வோக்கரோடு நடப்பவர் பெரும்பாலும் அதற்கு மேல்தான் எடுப்பார், அதனால் அந்த எண்ணுக்காகக் கவலைப்படாமல் மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். யாராவது பக்கத்தில் நிற்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

எதை எடுப்பது

வோக்கரோடு வீட்டுக்குள் மட்டும் நடப்பவர், காலில் கட்டுவதற்குத் தடையில்லாதவர், எழும்பி நடப்பது உண்மையில் கூடுகிறதா என்று வீட்டார் அறிய வேண்டும்: கணுக்கால். இதற்குக் காசு செலவழிப்பது தகும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில கிழமைக்கு மட்டும் வோக்கர், அதற்குப் பிறகு பொல்லு, அப்புறம் சும்மா நடை என்று போகப் போகிறவருக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கிண்ணமும் கலண்டரும் போதும். காலில் புண், வீக்கம், உணர்ச்சியின்மை இருப்பவருக்கும் அதுவேதான். மறதி நோய் உள்ளவர் காலில் கட்டியதைப் பிய்த்து எறிவார் என்றால் வற்புறுத்தாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளை ஏற்கெனவே வாட்ச் அனுப்பிவிட்டார் என்றால், துடிப்புக்கும் விழுந்தால் தெரிவதற்கும் அது கையில் இருக்கட்டும். காலடிக் கணக்குக்குக் கிழமைக்கொரு தடவை கலண்டரைப் படமெடுத்து அனுப்புங்கள்.

இலக்கு எத்தனை என்று எல்லாரும் கேட்பார்கள். 10,000 அடி என்பது 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரோடு பரவிய எண். நோயாளிகளை ஆராய்ந்து வைத்தது இல்லை. 2019 இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்கள் பதினாறாயிரத்துக்கும் அதிகமானோரை வைத்து நடந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடியளவு நடந்தவர்களை விட 4,400 அளவு நடந்தவர்களின் இறப்பு வீதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அளவுக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. கொஞ்சம் கூடினாலும் பயன் உண்டு என்பது நல்ல சேதி. ஆனால் அவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே வெளியே நடமாடியவர்கள். அந்த எண்களை வோக்கர்காரரின் தலையில் கட்டுவது அநியாயம். அவருடைய சென்ற கிழமைதான் அவருக்கு அளவு. எவ்வளவு கூட்டலாம் என்பதைப் பிசியோவிடம் கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ கிளினிக் போகும் நாளில் வோக்கரையும் கொண்டுபோய் உயரம் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்க வேண்டும். உயரம் பிசகினால் குனிந்து நடப்பார், நடையும் தேயும், எந்தக் கருவியின் கணக்கும் கூடவே பிசகும்.

கொண்டுபோகும் கொப்பியின் முதல் பக்கத்தில் எந்த வகை வோக்கர், கருவி எந்தக் காலில், 100 அடிக்கு எத்தனை காட்டுகிறது, எந்தத் திகதியில் பார்த்தது என்று எழுதிவையுங்கள். வோக்கரை மாற்றினாலோ, கருவியை மற்றக் காலுக்கு மாற்றினாலோ, நடையின் வேகம் கண்ணுக்குத் தெரியக் கூடினாலோ, மறுபடியும் நூறு அடியை எண்ணி அதன் கீழே புதிய வரியாகப் போடுங்கள்.